செல்வம் ஷட்டவுனுக்குப் போகிறான் என்றாயே

அன்புள்ள முத்து,

நீ அனுப்பிய குரல் செய்தியை இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை உன் அக்கா பின்னால் அழுகிற சத்தம்தான் கேட்டது, இரண்டாவது தடவைதான் விஷயம் புரிந்தது. செல்வத்துக்குக் கூடங்குளம் அணுமின் நிலையத்தில், உலையை நிறுத்திப் பராமரிக்கிற ஷட்டவுனில் ஃபிட்டர் வேலை கிடைத்திருக்கிறது, இரண்டு மாதம், காண்ட்ராக்டர் மூலமாக. வீட்டில் பாதிப் பேர் போகாதே என்கிறார்கள், பாதிப் பேர் பெர்மனென்ட் ஆகிவிடும் என்கிறார்கள். இரண்டுமே தப்பு மக்கா. போனில் பேசினால் எதையாவது விட்டுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். அவனிடமும் காட்டு.

முதலில் பெர்மனென்ட் என்கிற பேச்சை விட்டுவிடச் சொல். ஷட்டவுன் வேலை கல்யாண வீட்டுச் சமையல் மாதிரி, பந்தி முடிந்தால் அண்டாவைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். உலை ஓடும்போது உள்ளே பெரிய கூட்டம் தேவையில்லை. நிறுத்தி, மூடியைக் கழற்றி, எரிபொருள் மாற்றி, வால்வுகளைப் பிரித்துப் பார்த்து, டர்பைனைத் திறந்து மூடுகிற அந்தச் சில வாரங்களுக்குத்தான் இத்தனை கை வேண்டும். கூடங்குளத்தில் ஒரு உலைக்குள் 163 எரிபொருள் கற்றைகள், ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மாற்றுவார்கள். முன்பு பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை நிறுத்தினார்கள். 2022-ல் புது வகை எரிபொருள் வந்தபிறகு பதினெட்டு மாதம் ஓட்டலாம் என்று ஆகிவிட்டது. அதாவது அடுத்த வாய்ப்பும் தள்ளித்தான் வரும். 1000 மெகாவாட் உலை ஒரு நாள் நின்றால் 2.4 கோடி யூனிட் மின்சாரம் போச்சு, மேலே இருப்பவர்கள் ஏன் இப்படிப் பறக்கிறார்கள் என்பதற்கு அந்தக் கணக்கு போதும்.

ஆனால் அவர்கள் பறப்பார்களே தவிர, இவன் உட்கார்ந்திருப்பான். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. போலீஸ் சரிபார்ப்புக்கு ஒரு காத்திருப்பு, மருத்துவப் பரிசோதனைக்கு ஒன்று, பாதுகாப்பு வகுப்புக்கு, அதன் பரீட்சைக்கு, உயரத்தில் வேலை செய்ய ஹைட் பாஸுக்கு, அப்புறம் கேட் பாஸுக்கு. எல்லாம் முடிந்து உள்ளே போனாலும் பெர்மிட் வரவில்லை, சாரம் கட்டி முடியவில்லை, கிரேன் வேறு வேலையில் இருக்கிறது என்று ஒரு ஷிஃப்ட் முழுக்கச் சுவரோரம் உட்கார்ந்திருந்த நாட்கள் எனக்கே எத்தனையோ. அந்த நாட்களுக்குக் கூலி உண்டா என்பதைச் சேரும்போதே கேட்டுக்கொள்ளச் சொல். வெட்கப்பட வேண்டாம். ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என்பதும், காண்ட்ராக்டர் கூலியை முழுங்கினால் நிலையத்தார் கொடுத்தாக வேண்டும் என்பதும் சட்டம், யாரும் போடுகிற பிச்சை இல்லை. பி.எஃப். எண்ணைப் போனில் ஏற்றி வைத்துக்கொள்ளட்டும், மாதாமாதம் பார்க்கட்டும். போனை உள்ளே கொண்டுபோக முடியாது, அது வேறு விஷயம்.

அவனை எந்தப் பக்கம் போடுகிறார்கள் என்று கேட்டாயா? டர்பைன் பக்கம், கண்டன்ஸர், கடல்நீர் பம்ப் ஹவுஸ் என்றால் உன் அக்கா அழுவதற்கு ஒன்றுமே இல்லை. கூடங்குளம் மாதிரி உலையில் கதிரியக்கத் தண்ணீர் தனிச் சுற்று, டர்பைனுக்குப் போகிற நீராவி வேறு சுற்று. அங்கே பயப்பட வேண்டியது தலையில் விழுகிற ஸ்பேனருக்கும் காது கிழிகிற சத்தத்துக்கும்தான். உலைக் கட்டடத்துக்குள் போட்டால்தான் நான் இனி சொல்வதெல்லாம்.

உள்ளே இரண்டு விஷயம் இருக்கிறது, பலர் கடைசி வரைக்கும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். அடுப்பை நினைத்துக்கொள். அடுப்பிலிருந்து வருகிற சூடு ஒன்று, தள்ளி நின்றால் குறையும், நடுவில் பலகை வைத்தால் குறையும், சீக்கிரம் நகர்ந்தால் குறையும், வெளியே வந்தபின் உன்னோடு கூட வராது. கதிர்வீச்சு அப்படி. பாத்திரத்தின் கரி இன்னொன்று. தொட்டால் கையில் ஒட்டும், கையிலிருந்து வேட்டியில் ஒட்டும், வேட்டியிலிருந்து வீட்டுத் திண்ணையில் ஒட்டும். கன்டாமினேஷன் என்கிறார்களே, அது இந்தக் கரி, என்ன, கண்ணுக்குத் தெரியாத கரி. அதற்காகத்தான் மேலங்கி, இரண்டு ஜோடி கையுறை, ஷூவுக்கு மேல் உறை, சில இடங்களில் முகமூடி எல்லாம். அந்த உடையெல்லாம் கரிக்குத்தான், சூட்டைத் தடுக்காது. உடை போட்டுவிட்டோமே என்று சூடான குழாய்ப் பக்கத்தில் சாய்ந்து கதை பேசுகிறவனைப் பார்த்திருக்கிறேன். உடம்பு வாங்குகிற கதிரின் அளவைத்தான் டோஸ் என்பார்கள், மில்லிசீவர்ட்டில் அளப்பார்கள். அந்த அறையில் மணிக்கு 2 மில்லிசீவர்ட் என்று பலகையில் எழுதியிருந்தால் கால் மணி நேரக் கதைக்கு அரை மில்லிசீவர்ட் விலை. காத்திருப்பதென்றால் டோஸ் குறைந்த மூலையைக் கேட்டு அங்கே போய் நிற்க வேண்டும்.

உடை போடுவது சுலபம், கழற்றுவதுதான் வித்தை. தடுப்புப் பலகைக்கு முன் நின்று டேப்பை உரித்து, வெளிக் கையுறையை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி சுருட்டி, மேலங்கியை வாழைப்பழத் தோல் போலக் கீழ்நோக்கி உரித்து, ஒரு கால் உறையைக் கழற்றி அந்தக் காலைச் சுத்தமான பக்கம் வைத்து, அப்புறம்தான் மறு கால். மூக்கு அரிக்கும். கட்டாயம் அரிக்கும், அந்த நேரம் பார்த்துத்தான் அரிக்கும். தொடக் கூடாது. வகுப்பில் இதைச் செய்து காட்டுவார்கள், பத்துத் தடவை செய்து பார்க்கச் சொல், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

என் முதல் ஷட்டவுனில் நடந்ததை உனக்குச் சொன்னேனா தெரியவில்லை. எல்லாம் ஒழுங்காகக் கழற்றிவிட்டு, உடம்பில் அந்தக் கரி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற மானிட்டரில் ஏறி நின்றேன், கத்த ஆரம்பித்தது. சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுக் கழுவினேன், மறுபடி கத்தியது. இன்னொரு தடவை, மறுபடி. பின்னால் நாற்பது பேர் வரிசையில், ஷிஃப்ட் பஸ் போய்விடும் என்கிற கோபத்தில். கதிர்வீச்சுப் பாதுகாப்பைப் பார்க்கிற ஹெல்த் பிசிக்ஸ்காரர் ஒருவர் சின்ன மீட்டரை என் உடம்பு முழுக்க மெதுவாக ஓட்டினார், வலது மணிக்கட்டில் வந்ததும் டிக்டிக் என்று பொரிந்தது. திருச்செந்தூரில் அம்மா கட்டிவிட்ட கயிறு. வேலைக்கு நடுவே கையுறை இறங்கியிருக்கிறது, நனைந்த கயிறு உறிஞ்சிக்கொண்டது. கத்தரியால் வெட்டி மஞ்சள் பையில் போட்டார், மானிட்டர் வாயை மூடிக்கொண்டது. உள்ளே போகும்முன் கயிறு, மோதிரம், அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள், நான்தான் சாமிக் கயிறாயிற்றே என்று கையுறைக்குள் மறைத்துக்கொண்டேன். அம்மாவிடம் கடைசி வரைக்கும் அறுந்து விழுந்துவிட்டது என்றே சொல்லி வைத்திருந்தேன்.

தாடியும் ஆகாது, முகமூடி முகத்தோடு ஒட்டி உட்காராது. கார்த்திகையில் மாலை போட்ட ஒரு பையனை எங்கள் ஃபோர்மேன் மலைக்குப் போய்விட்டு வா என்று திருப்பி அனுப்பினார், அது சரியும்கூட. உடம்பில் வெட்டுக்காயம் இருந்தால் மறைக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு இதயத்துக்கோ தைராய்டுக்கோ ஸ்கேன் எடுத்திருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அந்த மருந்தே மானிட்டரைக் கத்த வைக்கும். வெற்றிலை, பான்பராக், பீடி எதற்கும் உள்ளே இடமில்லை, தண்ணீர்கூட ஒதுக்கிய இடத்தில்தான். ஆனால் உள்ளே போவதற்கு முன் நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொல். பிளாஸ்டிக் சூட்டுக்குள் வேர்த்து மயங்கி விழுந்தவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன், கதிர்வீச்சால் விழுந்தவர்களைப் பார்த்ததில்லை.

எங்கள் கல்பாக்கத்தில் கனநீர் உலை என்பதால் ட்ரிடியம் என்கிற கதிரியக்க ஹைட்ரஜன் ஒரு தொந்தரவு. மூச்சிலும் தோல் வழியாகவும் சாதாரணத் தண்ணீர் மாதிரியே உடம்புக்குள் போய்விடும், அதனால் சிறுநீர் பாட்டில் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 2009 நவம்பரில் கர்நாடகத்துக் கைகா அணுமின் நிலையத்தில் ஒரு உலை ஷட்டவுனில் இருந்தபோது குடிதண்ணீர்க் குளிரூட்டியில் ட்ரிடியம் கலந்த கனநீரை யாரோ ஊற்றிவிட்டார்கள், ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் குடித்துவிட்டார்கள். அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது அந்தச் சிறுநீர் பாட்டில்தான். கூடங்குளத்தில் சாதாரணத் தண்ணீர்தான் ஓடுகிறது, அந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் எந்தப் பரிசோதனைக்குக் கூப்பிட்டாலும் அலுத்துக்கொள்ளாமல் போகட்டும்.

இனிமேல் எழுதுவதைத்தான் அவன் கட்டாயம் படிக்க வேண்டும்.

மார்பில் குத்திக்கொள்ள டி.எல்.டி. பேட்ஜ் ஒன்று தருவார்கள். உள்ளே மூன்று சின்னத் தட்டு இருக்கும், வாங்கிய கதிரை நினைவில் வைத்துக்கொள்ளும், மாதம் ஒருமுறை எடுத்துப் படிப்பார்கள். அன்றன்றைக்குப் பார்த்துக்கொள்ள டோஸிமீட்டர் ஒன்று தனி. நம் நாட்டில் கதிர்ப்பணியாளருக்கு ஐந்து வருடத்தில் 100 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. ஷட்டவுன் ஆட்களை அந்த அளவுக்கு விடவே மாட்டார்கள், அதற்கு வெகு கீழேயே கோடு போட்டு நிறுத்திவிடுவார்கள். சும்மா வீட்டில் இருக்கிறவனுக்கே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் வருடத்துக்குச் சராசரியாக 2.4 வருகிறது, நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் அதைவிட அதிகம். ஆகவே எண்ணைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் அந்தக் கோட்டைத் தொட்டால் வேலை முடிந்தது, வீட்டுக்குப் போ என்று அர்த்தம், கூலியும் நின்றுவிடும். பெர்மனென்ட் ஆளுக்கு டோஸ் முடிந்தால் வெளியே வேறு வேலை இருக்கிறது, சம்பளம் ஓடும். நம் மாதிரி ஆளுக்கு டோஸ்தான் கூலி. அங்கேதான் புத்தி கோணலாகிறது. வேறு ஒரு மாநிலத்தில், எந்த நிலையம் என்று எழுத மாட்டேன், எனக்கு டோஸ் கிட்டத்தட்ட முடிந்துபோன நேரத்தில் சூப்பர்வைசர் தோளில் கைபோட்டு, பேட்ஜை ரேக்கிலேயே வைத்துவிட்டு வா, இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம் என்றான். தங்கச்சி கல்யாணக் கடன் உனக்குத் தெரியும். வைத்துவிட்டுப் போனேன். மூன்று நாள். நாலாம் நாள் ஹெல்த் பிசிக்ஸ்காரர் கூப்பிட்டு, உன்னோடு அதே வால்வில் வேலை செய்த இரண்டு பேருக்கும் டோஸ் ஏறியிருக்கிறது, நீ மட்டும் அடுத்த ஊரில் நின்றா போல்ட் முறுக்கினாய் என்று கேட்டார். அன்றைக்கே வெளியே. சூப்பர்வைசருக்கு ஒன்றும் ஆகவில்லை, என்னைத் தெரியாது என்று சொல்லிவிட்டான்.

வேலை போனதுகூடப் பெரிதில்லை முத்து. அந்த மூன்று நாளில் நான் வாங்கியது எவ்வளவு என்று எனக்கும் தெரியாது, எந்தக் கணக்கிலும் இல்லை. போன வருடம் ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணு கொஞ்சம் குறைகிறது என்று டாக்டர் சொன்னபோது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சர்க்கரை மாத்திரை, வயசு, எதுவாகவும் இருக்கலாம் என்று அவரே சொன்னார். இருந்தும் ராத்திரி படுத்தால் அந்த மூன்று நாள்தான் நினைவுக்கு வருகிறது. ஃபுகுஷிமா விபத்துக்கு அப்புறம் அங்கேயும் ஒரு துணை ஒப்பந்தக்காரர் ஆட்களை டோஸிமீட்டர் மேல் ஈயத்தகடு போட்டு மூடச் சொன்னார் என்று 2012-ல் செய்தி வந்ததே, படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. தோளில் கை போட்டுத்தான் சொல்லியிருப்பார்.

அதனால் செல்வத்திடம் சொல், பேட்ஜ் இல்லாமல் ஒரு அடி உள்ளே வைக்கக் கூடாது, இன்னொருவன் பேட்ஜைப் போடக் கூடாது, தன்னுடையதைக் கொடுக்கவும் கூடாது. வேலை முடிந்து கிளம்பும்போது டோஸ் கணக்கை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல். கேட்டால் கொடுத்தாக வேண்டும், 2004-ம் வருடத்துக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளிலேயே இருக்கிறது. பேட்ஜோடு கொடுக்கிற நம்பர் ஆயுசுக்கும் ஒன்றுதான், அடுத்து ராஜஸ்தான் போனாலும் அதையே சொல்ல வேண்டும், புதுசு வாங்கப் பார்க்கக் கூடாது. ஐ.டி.ஐ. சான்றிதழ் வைத்திருக்கிற அதே ஃபைலில் அந்தத் தாளையும் வைக்கட்டும். பேட்டையில் நாம் வாங்கிய சான்றிதழைவிட அது பெரிய சொத்து.

தங்குவதற்கு வள்ளியூரில் இப்போதே ரூம் பார்த்து வைக்கச் சொல், ஷட்டவுன் தேதி தெரிந்துவிட்டால் வாடகை ஏறிவிடும். ஆறு பேர் ஒரு ரூமில், இருவேறு ஷிஃப்ட் என்றால் தூக்கம் போய்விடும், ஒரே ஷிஃப்ட் ஆட்களாகச் சேர்ந்துகொள்வது நல்லது. தூக்கம் கெட்டவன் கைதான் முதலில் நசுங்கும்.

இங்கே மற்றபடி சுகம். உன் மதினிக்கு ஒரு கண் ஆபரேஷன் முடிந்தது, இன்னொன்று தைக்குப் பிறகு. என் முழங்கால் இப்போதெல்லாம் சதுரங்கப்பட்டினம் கோட்டை வரைகூட நடக்க விடுவதில்லை. பொங்கலுக்கு வருவதாக இருந்தால் உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ வாங்கி வா, இங்கே கிடைப்பதில் பாதி சீனிதான். செல்வம் கையில் கயிறு கட்டியிருக்கிறானா என்று பார்த்து எழுது.

உன்,
சுப்பையா