பெயின்ட் கேட்டு வருபவர்களிடம் ஏன் பிரேக்கைப் பற்றிப் பேசுகிறோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மியான்மரில் மோல்மீனிலும் முடோன், தன்பியூசயாத் பக்கத்திலும் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கி நம் பட்டறைக்குக் கொண்டுவருகிறவர்கள், அதிலும் இளவட்டத் தம்பிமார்கள், முதலில் கேட்பது பெயின்ட். அப்புறம் சீட், அப்புறம் சைலன்சர். நாங்களோ பின்சக்கரத்தைக் கழற்றி, பிரேக் ஷூவைக் கையில் கொடுத்து, "இதைப் பாருங்கள்" என்கிறோம். கேட்ட வேலையை விட்டுவிட்டுக் கேட்காத வேலைக்குப் பணம் வாங்குகிறோம் என்று சிலருக்கு மனத்தாங்கல். காதுக்கு வந்தது. விளக்கிச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

போன மாதம் ஒரு தம்பி ஹோண்டா வேவ் 110 ஒன்றைக் கொண்டுவந்தார். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர். விடியுமுன் இருட்டில் போய், வெயில் ஏறத் திரும்புவார். வண்டி பார்க்கப் பளபளவென்று இருந்தது. விற்றவர் மேலே புது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். செயின் கவரைத் திறந்தால், பின் ஸ்பிராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரம்) பல் ஒவ்வொன்றும் அரிவாள் மூக்குப் போல ஒரே பக்கம் வளைந்திருந்தது. செயினை விரலால் பின்னுக்கு இழுத்தால் பாதிப் பல் வெளியே தெரிந்தது. பின் பிரேக் ட்ரம்மைப் பிரித்தபோது ஷூவில் நகக்கனம்கூட மிச்சமில்லை. அவர் கேட்டது கறுப்பு பெயின்ட்டும் குட்டை மட்கார்டும்.

அவர் கையில் இருந்த பணம் பாதுகாப்பு, அழகு இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும். செயினும் இரண்டு ஸ்பிராக்கெட்டும் சேர்த்து மாற்றினோம். தேய்ந்த பல்லில் புதுச் செயின் போட்டால் அதையும் சீக்கிரமே தின்றுவிடும். ஒன்றை மட்டும் மாற்றுவது காசைத் தண்ணீரில் போடுவது. பிரேக் ஷூ, பின் டயர், ஹெட்லைட் இவ்வளவும் முடிந்தபிறகு சீட்டுக்கு ரெக்ஸின் தைக்க மட்டும் பணம் மிஞ்சியது. தம்பிக்கு முகம் வாடிவிட்டது. எங்களுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் மழையில் செம்மண் இறக்கத்தில் வண்டியை நிறுத்துவது பெயின்ட் அல்லவே.

பழைய வண்டிக்கு 100 கியாட் ஒதுக்கினால் 60 ஓட்டத்துக்கும் நிறுத்தத்துக்கும் போகட்டும், 15 வெளிச்சத்துக்கு, மிச்சம்தான் அழகுக்கு. இது எங்கள் கணக்கு. பட்டறையில் பார்த்துப் பார்த்து வந்தது.

குறைந்த செலவில் வண்டியை உங்களுக்கென்று ஆக்கிக்கொள்ள வழி உண்டு. ரப்பர் ஷீட்டோ காய்கறி மூட்டையோ ஏற்றுகிறவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது முன் ஸ்பிராக்கெட். 14 பல் இருந்தால் 13 போடுங்கள். முன்னால் ஒரு பல் குறைப்பது பின்னால் ஏறக்குறைய மூன்று பல் கூட்டுவதற்குச் சமம். மேட்டில் மூச்சுத் திணறாமல் ஏறும். நேர்ச்சாலையில் எஞ்சின் கொஞ்சம் அதிகமாகச் சுற்றும், உச்ச வேகம் குறையும். பாரம் ஏற்றுகிறவருக்கு அது ஒரு நஷ்டமில்லை.

அடுத்தது வெளிச்சம். கார்புரேட்டர் வைத்த பழைய வேவ்களில் ஹெட்லைட்டுக்கு எஞ்சின் சுற்றும்போதுதான் மின்சாரம் வருகிறது. வேகம் குறைந்தால் வெளிச்சமும் மங்கும். பெரிய பல்பு மாட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள்; எஞ்சினில் மின்சாரம் உண்டாக்கும் அந்தச் சின்னக் கம்பிச்சுருள் தரக்கூடியது அவ்வளவுதான். எர்த் வயர் வண்டிச் சட்டத்தில் பிடிக்கும் இடத்தைச் சுரண்டி இறுக்கி, மங்கிய கண்ணாடியைத் துடைத்தாலே பாதி வித்தியாசம் தெரியும். அதற்கு நாங்கள் கூலி மட்டும்தான் வாங்குகிறோம்.

சில வேலைகளைக் கேட்டாலும் செய்வதில்லை. சீட்டுக்கு அடியில் இருக்கும் சட்டத்தை அறுத்து வால் குட்டையாக்குவது ஒன்று. பின்னால் மனைவியையோ பிள்ளையையோ சுமப்பது அந்தச் சட்டம்தான். ஏர் ஃபில்டரை எடுத்துவிடுவது இன்னொன்று: சத்தம் கூடும், பவர் கூடியதுபோல இருக்கும், உள்ளே போகிற தூசி பிஸ்டனையும் ரிங்கையும் அரைத்துவிடும். அகல டயரும் வேண்டாம். 80/90-17 அளவு டயர் போகிற பின் ரிம்மில் அதைவிட அகலமானதைத் திணித்தால் ஒரு பக்கம் செயினில் உரசக்கூடும். முன் மட்கார்டை வெட்டிக் குட்டையாக்கினால் சேறு நேராக எஞ்சின் தலையில் அடித்து, ஸ்பார்க் பிளக் தொப்பிக்குள் ஈரம் இறங்கி, வண்டி நடுவழியில் நின்றுவிடும். அந்தத் தம்பிக்கு இதைத்தான் சொன்னோம். மட்கார்டை வெட்டாமல் கீழே ஒரு ரப்பர் துண்டு நீட்டிக் கொடுத்தோம்.

பெயின்ட் வேலையை இனி ஐப்பசி கழிந்தபிறகுதான் எடுப்போம். தவறு எங்களுடையது. இரண்டு வருஷத்துக்கு முன் ஆடி மாதத்தில் ஒருவருக்கு அவசரமென்று டேங்க் கவரும் பக்கக் கவர்களும் அடித்துக் கொடுத்தோம். ஆண்டுக்கு நாலரை மீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற ஊர் இது. காற்றில் இருந்த ஈரம் பெயின்ட் காயும் முன்பே அதில் படிந்து, மறுநாள் காலையில் கறுப்பு முழுக்கப் பால் தெளித்ததுபோல வெளுத்திருந்தது. மறுபடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தை மாதத்தில் காசு வாங்காமல் அடித்துக் கொடுத்தோம். தை, மாசியில் கொண்டுவாருங்கள். திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தின வாரம் எல்லாரும் ஒரே நேரத்தில் வருவீர்கள், அப்போது எங்களால் நிதானமாகச் செய்ய முடிவதில்லை. வண்டிச் சட்டத்துக்குப் பெயின்ட் அடிக்கும்போது அதில் குத்தியிருக்கும் அடையாள நம்பரை டேப் ஒட்டி மறைத்துவிடுவோம். அதைத் தேய்த்து அழிக்கச் சொல்லாதீர்கள். வித்தவுட் வண்டியென்றால், அதாவது பதிவு இல்லாததென்றால், அதில் பெரிய பணம் போடாதீர்கள். பிடிபட்டால் வண்டியோடு அதுவும் போய்விடும்.

விலைப்பட்டியல் ஏன் மாட்டவில்லை என்று கேட்கிறீர்கள். தாய்லாந்துச் சாமான் எல்லை ஊரான மியாவடி வழியாக வர வேண்டும். அந்த வழி அடைபட்டால் இன்று சொன்ன விலை அடுத்த வாரம் நிற்காது. ஆகவே வண்டியைப் பிரித்துப் பார்த்து, அன்றைய விலையில் சீட்டு எழுதித் தருவோம். அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு "செய்யுங்கள்" என்று நீங்கள் சொன்னபிறகே வேலை தொடங்கும். கழற்றிய பழைய சாமானை ஒரு பையில் போட்டுத் திருப்பித் தருவோம். மொத்தமாகப் பணம் இல்லையென்றால் இந்த மாதம் பிரேக், அடுத்த மாதம் டயர் என்று பிரித்துச் செய்யலாம். அதற்குத் தயங்க வேண்டாம்.

ஒரு வேண்டுகோள். வருமுன் வண்டியைக் கழுவிக்கொண்டு வராதீர்கள். எண்ணெய் எங்கே கசிகிறது என்பது கழுவாத எஞ்சினில்தான் எங்களுக்குத் தெரியும்.

அன்புடன்,
உங்கள் பட்டறையார்
மோல்மீன்