சேதுவுக்கு, பேத்தி பிறந்த செய்தி

அன்புள்ள சேது,

நலம்தானே? ஆறு மாதமாக எழுதாததற்குத் திட்ட வேண்டியதை நேரில் திட்டிக்கொள். எனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள்! 2024 பிப்ரவரி 29, விடியற்காலை. தாயும் சேயும் நலம்.

சந்தோஷம் ஒரு மணி நேரம்தான். அப்புறம் ஆளாளுக்கு, "நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதானா பிறந்தநாள்!" என்று உச்சுக்கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். சம்பந்தி ஒரு படி மேலே போய், பதியும்போது மார்ச் 1 என்று கொடுத்துவிடலாமா என்றார். எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும். பிறந்து அரை நாள் ஆகாத குழந்தைக்கு முதல் காகிதத்திலேயே பொய்யா? நல்லவேளை, என் மகளே முடியாது என்று சொல்லிவிட்டாள்.

அந்த ஒரு நாளுக்காக எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள், சேது! பருவங்கள் ஒரு சுற்று வர 365 நாளும் ஏறக்குறைய 5 மணி 49 நிமிடமும் ஆகிறது. அதை ஆறு மணி என்று வைத்து ஜூலியஸ் சீசர் நாலு வருஷத்துக்கு ஒரு நாள் சேர்த்தார். மிஞ்சிய 11 நிமிடம் நூற்றாண்டுகளாகச் சேர்ந்து, 1582-இல் அக்டோபர் 4-க்கு மறுநாளை 15 என்று வைக்க வேண்டியதாயிற்று. நூறால் வகுபடும் வருஷம் நானூறாலும் வகுபட்டால்தான் லீப் என்ற விதியும் அப்போது வந்ததுதான். அதனால்தான் 1900 லீப் இல்லை. ஆமாம், வகுப்பில் பெஞ்சு மேல் நின்றுகொண்டும் நீ விட்டுக்கொடுக்காத அதே 1900!

மொரார்ஜி தேசாய் பிறந்தது 1896 பிப்ரவரி 29. 1900-இல் அந்தத் தேதியே வரவில்லை. முதன்முதலாக வந்தது 1904-இல், அவருடைய எட்டாவது வயதில். அதே நாளில்தான் ருக்மிணி தேவி அருண்டேல் பிறந்தார்! 1977-இல் பிரதமர் மொரார்ஜி அவரைக் குடியரசுத் தலைவராக்க விரும்பினார், அவர் மறுத்துவிட்டார். இதைச் சொன்ன பிறகுதான் வீட்டில் உச்சுக்கொட்டல் நின்றது.

கிரேக்கத்தில் லீப் வருஷக் கல்யாணம் ராசியில்லை என்று தள்ளிப்போடுபவர்கள் உண்டு. அயர்லாந்திலோ, பெண்ணே ஆணிடம் கல்யாணப் பேச்சை எடுக்கலாம் என்று இந்த நாளை ஒதுக்கினார்கள். புனித பிரிஜித், புனித பேட்ரிக்கிடம் முறையிட்டு வாங்கித் தந்த உரிமை என்று கதை. நாலு வருஷத்துக்கு ஒரே நாளா? என் பேத்தி எந்த நாளும் பேசட்டும்.

நேற்று இரவு தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். 2096-இல் அவளுக்கு 72. 2100 லீப் இல்லை, ஆகவே எட்டு வருஷம் காத்திருந்து 2104-இல் எண்பது. எனக்கு இப்போதே 67, சேது. அவளுடைய 29-ஆம் தேதிகளில் எனக்கு எத்தனை கிடைக்கும்? ஐந்து கிடைத்தாலே பெரிது.

முதலாவது 2028-இல், செவ்வாய்க்கிழமை. கமலாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு. முழங்கால் வலி என்று சொல்லாதே, அறுவை சிகிச்சைக்கு நாலு வருஷம் இருக்கிறது.

உன்,
ரங்கன்