ரூலி என்றால் அமைதியா, பகிடியா?

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ சொன்னதை அம்மாவுக்கும் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார். உன் ஆஸ்பத்திரி வார்டில் வலியில் துடித்த சுவீடன் மூதாட்டியிடம் நோர்வேப் பழக்கத்தில் "ரூலி, ரூலி" என்றாயாம், அவர் முறைத்தாராம். முறைக்காமல்? நீ அமைதியாக இருங்கோ என்று சொன்னாய், அவர் காதில் 'நல்ல பகிடி' என்றல்லவா விழுந்திருக்கும்!

எனக்கும் நடந்ததுதான். நோர்வேயில் வார்டோ என்ற ஊரில் மீன் பக்டரியில் நின்ற காலத்தில் ஒரு சுவீடன்காரன் எங்கள் அறைக்குச் சாப்பிட வந்தான், கறியும் பாட்டும் கூத்துமாக இரவு ஒரு மணி ஆகிவிட்டது. வாசலில் சப்பாத்தைப் போட்டபடியே 'ரூலியாக இருந்தது' என்றான். இவ்வளவு சத்தத்துக்கும் அமைதியாம், குத்திக்காட்டுகிறான் என்று நினைத்து இரண்டு கிழமை அவனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

வேர் ஒன்றுதான் பிள்ளை. இந்த வடநாட்டு மொழிகளுக்கெல்லாம் மூலமான பழைய நோர்ஸ் மொழியில் 'ரோ' என்றால் ஓய்வு, அமைதி. நோர்வே, டென்மார்க், ஐஸ்லாந்து மூன்றும் அதை விடவில்லை. 1980களில் டென்மார்க் கால்பந்து ரசிகர்கள் அடிதடிக்குப் போகாதவர்கள் என்பதால் கலகம் செய்யும் ரசிகர்களைச் சொல்லும் 'ஹூலிகன்' என்ற ஆங்கிலச் சொல்லைத் திருப்பி 'ரூலிகன்' என்றே பெயர் எடுத்தார்கள். சுவீடனில்தான் இளைப்பாற்றுவது, மனதுக்கு இதமானது, பிறகு சந்தோசமானது, சிரிப்பு மூட்டுவது என்று நகர்ந்துவிட்டது. ஆனால் அங்கேயும் 'ரூ' இன்னும் அமைதிதான், 'ஊரூலி' என்றால் கவலையில் இருப்பவர். வார்டில் யாராவது தான் 'ஊரூலி' என்றால் பகிடி தெரியாதவர் என்று எடுத்துவிடாதே, பயந்துபோயிருக்கிறார். ஆறுதல் சொல்ல உனக்கு வேண்டிய சொல் 'லுங்ன்'.

அப்புறம் 'ரார்' கவனம். லத்தீனில் அரிது என்று பொருள். நோர்வேயில் அது விசித்திரமாகிவிட்டது, சுவீடனிலும் டென்மார்க்கிலும் அன்பானது என்றாயிற்று. அரிது எங்களிடம் அருமை ஆனது போலத்தான். அந்த அம்மா உன்னை ரார் என்றால் கோபிக்காதே.

நாங்கள் மட்டும் என்னவாம்? சென்னையில் தங்கியிருந்தபோது வீட்டுக்காரரின் மகன் வந்து "அப்பா உங்ககிட்ட பேசணுமாம்" என்றான். பேசுவது என்றால் எங்கள் ஊரில் ஏச்சுத்தானே, வாடகை பிந்திவிட்டது என்று நடுங்கிக்கொண்டு போனேன். மனுசன் தேத்தண்ணி தந்து ஊர்ப்புதினம் கேட்டார்.

சரி, நாளைக்கு அந்த அம்மாவிடம் போய் விளங்கப்படுத்து. சனிக்கிழமை போன் எடு, என்ன சொன்னார் என்று கேட்க அம்மா காத்திருக்கிறார்.

அன்புடன்,
அப்பா