தந்தேனா, தந்தோமா?

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மாவின் போனுக்கு நீ அனுப்பிய செய்தி கிடைத்தது. "அரைமணிக்குக் கல்யாணம். கடிகாரம் வாங்கிட்டேன். அப்பாகிட்ட ஒரு வெண்பா வாங்கித் தாம்மா." உன் சிநேகிதன் அரைமணியின் கல்யாணச் சேதி அவ்வளவுதான். 41 நாளைக்குப் பிறகு வந்த செய்தி. கணக்கு அம்மாவுடையது, நான் எண்ணவில்லை. இரண்டு தடவை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, "வேற ஒண்ணும் எழுதலையே" என்று போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

போனில் கூப்பிட்டால் மீட்டிங் என்பாய். இல்லாவிட்டால் நான் சொல்வதற்கெல்லாம் "சரிப்பா, சரிப்பா" என்பாய். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். வெண்பாவும் இதோடு வருகிறது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதை மைக்கில் வாசிக்காதே. அட்டையை நாலாக மடித்து, கடிகாரப் பெட்டிக்குள், பேட்டரிக்குப் பக்கத்தில் வை. கூட்டமெல்லாம் கலைந்த பிறகு அவனும் அவளும் பிரித்துப் பார்த்துச் சிரிக்கட்டும். பரிசோடு போகிற பாட்டு அப்படித்தான் போய்ச் சேர வேண்டும்.

எங்கள் காலத்தில் இதற்கெல்லாம் ஓர் ஒழுங்கு இருந்தது. நண்பனுக்குக் கல்யாணம் என்றால் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வாழ்த்துமடல் அச்சடிப்போம். ரோஸ் தாள், மேலே இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் பாட்டு, கீழே இங்ஙனம் என்று எல்லோர் பெயரும். தாலி கட்டி முடிந்து மேளம் ஓய்ந்ததும் யாராவது ஒருவன் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிப்பான். கண்ணாடிச் சட்டம் போட்ட பிரதி மாப்பிள்ளைக்கு. பதினாறும் பெற்று, ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி... எந்த மடலை எடுத்தாலும் இதேதான். பெயரை மட்டும் மாற்றினால் போதும். அச்சகத்து மாமா அந்தக் கடைசி இரண்டு வரியைக் கலைக்காமல் கட்டியே வைத்திருந்தார்.

எனக்கு அதில் ருசி இல்லை. நான் தனியாக ஒரு துண்டுச்சீட்டு எழுதிப் பரிசுக்குள் போட்டுவிடுவேன். சங்கத்தில் என்னோடு வேலை பார்த்த கேஷியருக்குக் குடை கொடுத்தபோது, "மழைக்கும் ஆகும், வெயிலுக்கும் ஆகும், மாமியார் வந்தால் விரித்துக்கொண்டு உட்காரவும் ஆகும்" என்று வருகிற மாதிரி ஒரு வெண்பா. அந்த மாமியாரே அதை மனப்பாடம் பண்ணிச் சொல்லித் திரிந்தாள். எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டிக் கொடுத்தவர்களை யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. அந்தச் சீட்டு 30 வருஷம் அவர் பர்ஸில் இருந்தது.

பாரதியார் 1919-ல் எட்டயபுரம் ராஜாவுக்குச் சீட்டுக்கவி எழுதினார். அது பரிசு கேட்டு எழுதியது. நாம் பரிசைக் கொடுத்துவிட்டு எழுதுகிறோம், அதனால் கொஞ்சம் கேலி பண்ண உரிமை உண்டு என்று அப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

உனக்கும் அது வந்தது. எட்டாம் வகுப்பில் இதே அரைமணிக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கிக் கொடுத்து, மூடிக்குள் இரண்டு வரி எழுதி ஒட்டினாயே, அதைப் பார்த்துவிட்டு நான் அன்றைக்கு இரண்டு வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். சீரோடு சீர் சேருகிற தளை ஒன்றுகூடத் தட்டவில்லை. இப்போது நீயே உட்கார்ந்து எழுதியிருக்கலாம். ஒரு வெண்பாவுக்கு மொத்தம் 15 சீர், பஸ்ஸில் போகிறபோதே முடிகிற வேலை. எழுத வராமல் என்னிடம் கேட்கவில்லை என்று தெரிகிறது. எழுதுகிற மனநிலை இல்லை போலிருக்கிறது. இருக்கட்டும்.

வெண்பா இதுதான்:

மணிபார்த்து வாராத மன்னவனே நண்பா
அணியாய்ச் சுவருக்குத் தந்தோம் – பணிமுடிந்தால்
நேரே வரச்சொல்லி முள்ளிரண்டும் கெஞ்சிடும்
காரேறி வீடுவந்து சேர்.

அரைமணி புதுசாகக் கார் வாங்கியிருக்கிறான் என்று அவன் அப்பா கடைத்தெருவில் சொன்னார், அதனால்தான் "காரேறி". பரிசுப்பொருள் பாட்டுக்குள் வர வேண்டும், அதன் விலை வரக்கூடாது. பாட்டு நாலு அடிக்கு மேல் போகக்கூடாது. வாங்குகிறவன் எந்தக் குறையைத் தானே சொல்லிச் சிரிக்கிறானோ அதை மட்டும் தொடலாம். இவன் பிறந்ததே அரைமணி லேட் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவன், அதனால் தொட்டேன். முடி, நிறம், சம்பளம், பெண்வீட்டார் பிழைப்பு, இதையெல்லாம் தொடவே கூடாது. மைக்கில் வாசிக்காதே என்று சொன்னேன் இல்லையா, அதையும் மறக்காதே.

தாமதத்தைக் கேலி பண்ணுவதில் நமக்கெல்லாம் முன்னோடி காளமேகம்தான். நாகப்பட்டினம் காத்தான் சத்திரத்தில் சோறு வர நேரமானதும், பொழுது சாயும்போதுதான் அரிசி வரும், குத்தி உலையில் இடும்போது ஊர் அடங்கிவிடும், ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது வெள்ளி முளைத்துவிடும் என்று பாடினாராம். நீ சின்ன வயதில் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பாய். பாதியில் தூங்கிவிடுவாய்.

பாட்டை எழுதி முடித்த பிறகு மூன்றாம் அடியை வாசித்துப் பார்த்தேன். வேலை முடிந்தால் நேரே வீட்டுக்கு வரச்சொல்லி முள் இரண்டும் கெஞ்சுகின்றன. போன மாதம் நீ ராத்திரி பத்தரைக்குப் பேசியபோது பின்னால் லிஃப்ட் மணி கேட்டது. இன்னும் ஆபீஸா என்று கேட்டதற்கு ஆமாம் என்றாய். மறுநாள் சனிக்கிழமை, அன்றைக்கும் ஆபீஸ். புனேவில் வேலை அதிகமாகத்தான் இருக்கும், எனக்குத் தெரியாதா. நேரத்துக்குச் சாப்பிடு. வெளியில் வாங்கிச் சாப்பிடாதே. இரண்டு பேருக்குச் சமைப்பதும் ஒன்றுதான், ஒருவருக்குச் சமைப்பதும் ஒன்றுதான் என்று அம்மா சொல்லச் சொன்னாள். அவள் எதற்காகச் சொன்னாளோ, நான் எழுதிவிட்டேன்.

சரி, சந்தேகத்துக்கு வருகிறேன். இரண்டாம் அடி. தந்தேனா, தந்தோமா?

இலக்கணத்துக்கு இரண்டும் ஒன்றுதான். அசை பிரித்தால் தந்தேன், நேர் நேர். தந்தோம், அதுவும் நேர் நேர். இரண்டும் தேமா. அடுத்து வருகிற "பணி" நிரையில் தொடங்குகிறது, மாமுன் நிரை, எதைப் போட்டாலும் தளை தட்டாது. எனக்குத்தான் தட்டுகிறது. உன் செய்தியில் "வாங்கிட்டேன்" என்று இருந்தது. போன வருஷம்வரை நீ எதையும் "தேன்" போட்டு எழுதியதே இல்லை. ஃபிரிட்ஜ் வாங்கினோம், படத்துக்குப் போனோம். ஒரு தடவை "எங்களுக்குக் காய்ச்சல்" என்று எழுதினாய், கேட்டால் உனக்கு மட்டும்தான் வந்திருந்தது. அம்மாவும் நானும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஒருவேளை அவசரத்தில் எழுதியிருப்பாய். நான் வேறெதுவும் கேட்கவில்லை. அட்டையில் எது வர வேண்டும் என்று மட்டும்தான் கேட்கிறேன்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏறுவதில்லை. சின்னவளின் மகன் ஸ்கூலில் யாரையோ கடித்துவிட்டான். மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை.

வேறு என்ன செய்தி என்று யோசித்தால் ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. இதைத்தான் எழுத வந்தேன் போலிருக்கிறது: உன் கல்யாணத்தில் நான் வாசித்த வெண்பா.

கிரைண்டர் கொடுத்தோம் உங்களுக்கு. கோயம்புத்தூரிலிருந்து சொல்லி வரவழைத்தது. அதற்கு நான் எழுதிய பாட்டின் முதல் மூன்று அடி இப்போது வேண்டாம். ஈற்றடி "வீட்டுக்கே மாவுக் கடை". மண்டபமே சிரித்தது. ஒன்ஸ்மோர் கேட்டார்கள், நானும் இன்னொரு தடவை வாசித்தேன். சம்பந்தியம்மாள் 17 வருஷம் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மாவாட்டிப் பாக்கெட் போட்டு விற்று அந்தப் பெண்ணை இன்ஜினியரிங் படிக்கவைத்தார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். பாராட்டு என்று நினைத்துக்கொண்டு எழுதினேன். இதை அம்மாவிடம்கூட இப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் எழுதும்போது எனக்கு முதலில் வந்தது பாராட்டு இல்லை, சிரிப்பு. நம் பக்கத்து ஆட்கள் சிரிப்பார்கள் என்பது.

ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. போன வாரம் எடுத்துப் பார்த்தேன். நான் மைக்கோடு நிற்கிறேன். நீ தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாய். உன் பக்கத்தில் அவளும் சிரிக்கிறாள், ஆனால் முகம் கேமராவுக்கு இல்லை, கீழே நாற்காலிகள் பக்கம் திரும்பியிருக்கிறது. அங்கே யார் உட்கார்ந்திருந்தார் என்று படத்தில் இல்லை. எனக்குத் தெரியும். முந்தானை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகக்கூட இல்லை.

காத்தான் கதையில் நீ தூங்கிப்போகும் இடம் ஒன்று உண்டு. காத்தான் மனம் நொந்ததும், காளமேகம் அதே பாட்டுக்கு வேறு பொருள் சொல்கிறார். நாடெல்லாம் பஞ்சத்தில் தானியம் அற்றுப்போனாலும் இந்தச் சத்திரத்துக்கு அரிசி வரும், ஒரு அகப்பைச் சோற்றில் ஊர்ப்பசி அடங்கும், இலையில் அது வெள்ளி மாதிரி வெளுத்துக் கிடக்கும் என்று. ஒரு எழுத்தை மாற்றவில்லை. நான் மேடையிலிருந்து இறங்கியதும் நேரே அவரிடம் போயிருக்கலாம். உங்கள் உழைப்பைத்தான் சொன்னேன் அம்மா, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று இரண்டு வார்த்தை. பந்தி போட்டுவிட்டார்கள் என்று கூப்பிட்டார்கள். போய்ச் சாப்பிட்டேன்.

புனேவுக்கு இரண்டு தடவை வந்திருக்கிறோம். கிரைண்டர் பரணில் பெட்டி பிரிக்காமல் இருந்தது. அந்த வெண்பாவின் கண்ணாடிச் சட்டத்தை எந்தச் சுவரிலும் நான் பார்க்கவில்லை. மருமகள் எனக்கு ஒரு குறையும் வைத்ததில்லை, காபியில் சர்க்கரை அரை ஸ்பூன் என்பதைக்கூட மறந்ததில்லை. அதனாலேயே எனக்குக் கேட்க வாய் வரவில்லை. அவளிடம் இதை நீ சொல்லலாம். சொல்லாமலும் இருக்கலாம். நானே சொல்வதுதான் சரி, ஆனால் எங்கே, எப்போது என்று தெரியவில்லை.

அரைமணியின் முகூர்த்தம் மயிலாடுதுறையில். இங்கிருந்து ஒரு மணி நேரம்தான். முதல்நாளே வந்து இங்கே தங்கிவிட்டுப் போகலாம். அம்மா தலையணை உறை இரண்டைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளாகவே போட்டாள்.

அட்டையில் பாட்டை என் கையாலேயே எழுதி இதோடு வைத்திருக்கிறேன். இரண்டாம் அடியில் "தந்" வரைக்கும் எழுதி, அதற்குப் பிறகு இடம் விட்டிருக்கிறேன். நீ நிரப்பிக்கொள். கறுப்பு மை. மைக்கில் வாசிக்காதே.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: சம்பந்தியம்மாள் வீடு மாற்றிவிட்டதாகச் சின்னவள் சொன்னாள். என்னிடம் பழைய கதவு எண்தான் இருக்கிறது. புது எண்ணை எழுதி அனுப்பு, பின்கோடோடு.