அவசரமா, அவசியமா?

ஆசிரியருக்கு வணக்கம். அறிவிப்புப் பலகைல மெஷின் மொழிபெயர்ப்பு பண்ற கூத்து பத்தி நம்ம பேப்பர்ல வந்த செய்தி படிச்சேன், சிரிப்புதான், ஆனா மெஷினை மட்டும் திட்டி என்ன பண்றது, நமக்கே ‘அவசரம்’ங்கிற சொல்லு பக்கத்து ஸ்டேட்டுக்குப் போனா என்ன அர்த்தம் ஆகும்னு தெரியல. சமஸ்கிருத ‘அவசர’வுக்கு தருணம், வாய்ப்புனு அர்த்தம். மலையாளத்துலயும் ஹிந்தி ‘அவ்சர்’லயும் அதுவே நின்னுடுச்சு, கன்னடத்துல நம்மள மாதிரியே வேகம், சிங்களத்துல அனுமதி. தெலுங்குலதான் வம்பு, அங்க அது ‘தேவை’. ‘நாகு டப்பு அவசரம்’னா எனக்குப் பணம் வேணும், அவ்வளவுதான், வினைச்சொல்லே கிடையாது, நம்ம ‘வேணும்’ உட்கார்ற இடத்துல அது உட்காருது. நாமளோ ‘படு’ சேர்த்து அவசரப்படுறோம், ‘ஆ’ சேர்த்து அவசரமா ஓடுறோம்.

திருப்பதில ஒரு மருந்துக் கடைல கடைக்காரர் ‘பில்லு அவசரமா?’னு கேட்டாரு, பஸ்ஸுக்கு நேரமாச்சேனு ‘ரொம்ப அவசரம்’னேன், மனுஷன் மாத்திரைய அப்படியே வெச்சுட்டு பில் புக்கைத் தேடி எடுத்து கார்பன் சொருகி பொறுமையா எழுத ஆரம்பிச்சாரு. பஸ் போச்சு.

மாணவர் பக்கத்துல வாரம் ஒரு சொல்லு, அண்டை மொழிகள்ல அதுக்கு என்ன அர்த்தம், வாக்கியத்துல எப்படி வருதுன்னு சின்னதா ஒரு பெட்டிச் செய்தி போடுங்க. அடுத்து ‘அவகாசம்’ எடுக்கலாம், மலையாளத்துல அது உரிமை.

– ஒரு வாசகர், வேலூர்