உப்புக்காத்துல மவுஸ் வாங்குறவங்களுக்கும் ரெண்டு வரி போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல லேப்டாப்புக்கு வயர்லெஸ் கேமிங் மவுஸும் மேட்டும் எப்படி பார்த்து வாங்கணும்னு ஒரு பக்கம் போட்டிருந்தீங்க. எழுதுனவரு விஷயம் தெரிஞ்சவருதான், ஆனா ஏசி ரூம்ல ஒரே டேபிள்ல ஒக்காந்து வெளையாடுறவருக்குன்னே எழுதுன மாதிரி இருக்கு. ஒடம்பு பூரா ஓட்டை போட்ட லேசான மவுஸு, உள்ளயே அடைச்ச பேட்டரி, பெரிய டிபிஐ (மவுஸ ஒரு இன்ச் நகத்துனா கர்சர் எத்தன புள்ளி ஓடுங்குற கணக்கு), டேபிள மூடுற மாதிரி மேட், இதான் பெஸ்ட்டுன்னு முடிச்சிட்டாரு. நான் உச்சிப்புளியில கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். எங்களுக்கு வடக்கயும் கடல் தெக்கயும் கடல், கச்சான் காத்து அடிச்சா தெக்க இருந்து உப்பு, வாடைக்காத்து அடிச்சா வடக்க இருந்து உப்பு, நடுவுல நாங்க. அதனால அந்தப் பக்கத்துல விட்டுப்போனத எழுதுறேன், இடம் இருந்தா போடுங்க.

முதல்ல அந்த ஓட்டை மவுஸு. தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா இருந்தா எடை கொறையும், கையும் வேர்க்காது, வாஸ்தவம்தான். ஆனா தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் பக்கம் இருந்து பசங்க கொண்டு வர்றதப் பாருங்க. "அண்ணே ஒரு தடவ அமுக்குனா ரெண்டு தடவ கிளிக் ஆகுதுண்ணே, வாங்கி வருஷம் கூட திரும்பலண்ணே"ம்பாங்க. அடியில ஒட்டியிருக்குற டெஃப்லான் பாதத்த உரிச்சு, அதுக்குக் கீழ ஒளிஞ்சிருக்குற ஸ்குரூவ கழட்டி மேல் மூடியத் தூக்குனா போர்டு மேல சாம்பல் தூவுன மாதிரி வெள்ளையா ஒரு படிவு, சுவிட்சு கால் ஈயம் வச்ச எடத்துல பச்சை பூத்திருக்கும், வீல் அச்சுல முடியும் பொடி மணலும் சுத்திக் கெடக்கும். சுவிட்சுக்குள்ள நகத்த விட சின்னதா ஒரு செம்புத் தகடு இருக்கு, அது போய் ஒரு புள்ளியில தட்டுனாதான் கிளிக், அந்தப் புள்ளி கருத்துப் போச்சுன்னா தொடுறதும் விடுறதுமா துடிக்கும், கம்ப்யூட்டரு அத ரெண்டு கிளிக்கா எடுத்துக்கும். பெட்டி மேல 2 கோடி கிளிக், 5 கோடி கிளிக்னு போட்டிருப்பான், அது லேப்ல அமுக்கிப் பார்த்த கணக்கு, உப்புக்காத்துல வச்சு அமுக்குன கணக்கு இல்ல.

இதுல மந்திரம் ஒண்ணும் இல்ல. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்த தாண்டுனா உப்பு தானாவே தண்ணிய இழுத்துக் கரைஞ்சிரும், கரைஞ்ச உப்புத்தண்ணி ரெண்டு உலோகத்துக்கு நடுவுல நின்னா அரிப்பு ஆரம்பிச்சிரும். நம்ம கடற்கரையில விடியக்காலைல அந்த 75 ஒரு பெரிய விஷயமே இல்ல. 1914ல தொறந்த பழைய பாம்பன் பாலத்துல துரு அரிச்சுத்தான் 2022 டிசம்பர்ல ரயிலயே நிறுத்துனாங்க, 2025 ஏப்ரல்ல தொறந்த புதுப் பாலத்துக்கு உப்பு தாங்குறதுக்குன்னே தனி பெயிண்டு, உள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பின்னு போட்டுக் கட்டியிருக்காங்க. ரயில் பாலத்துக்கே இந்தப் பாடுன்னா அந்தத் தக்கனூண்டு செம்புத் தகடு எம்மாத்திரம். அதனால என் கடைக்கு வந்து கேக்குறவங்களுக்கு மொத வார்த்தையா நான் சொல்றது மூடுன ஒடம்பு உள்ள மவுஸா பாருங்கன்னுதான். காசு தாங்கும்னா ஆப்டிகல் சுவிட்சு உள்ளதா பாருங்க, அதுல தகடு தொட்டு கிளிக் ஆகாது, லைட்டு ஒளிய மறைச்சும் விட்டும் கிளிக் ஆகும், கருக்குறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல.

அடுத்து பேட்டரி. உள்ளயே சார்ஜ் பேட்டரி வச்சது சொகுசுதான், ஆனா அதுக்கு ஒரு டைப் சி ஓட்டை வேணும், அந்த ஓட்டையும் மேல சொன்ன கதைதான், அப்புறம் ரெண்டு மூணு வருஷத்துல பேட்டரி சொணங்குச்சுன்னா அந்த மாடலுக்குன்னு பேட்டரி தேடி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் வரைக்கும் ஆள் விடணும். பென்சில் பேட்டரி ஒண்ணு போடுற மவுஸுன்னா பாம்பன் பெட்டிக்கடையிலயே கெடைக்கும், ரயிலு பாதி ராத்திரி எங்கயாச்சும் நிக்கும்போது தீர்ந்தா கூட பைக்குள்ள ஒண்ணு வச்சிருந்தா முடிஞ்சுச்சு. எடை கூடும், உண்மை. ஆல்கலைன் பென்சில் பேட்டரி ஒண்ணு 23 கிராம் பக்கம் இருக்கும். அதுக்கும் பசங்க வழி வச்சிருக்கானுங்க, சின்ன பிளாஸ்டிக் கூடு ஒண்ணு வாங்கி ரிமோட்டுக்குப் போடுற சின்ன பேட்டரிய அதுக்குள்ள சொருகிப் போட்டா பேட்டரி எடையில பாதி பக்கம் கொறஞ்சிரும், பேட்டரி சீக்கிரம் தீரும், அவ்வளவுதான்.

ஆனா பேட்டரி விஷயத்துல ஒண்ணு கறாரா சொல்றேன், பரீட்சை லீவுக்கு மவுஸ பையில போட்டு மூடும்போது பேட்டரிய கழட்டி வைங்க. ஆல்கலைன் ஒழுகுனா வர்றது காரம், வெள்ளையா பூத்து ஸ்பிரிங்க தின்னுரும். சாதா செல்லு இன்னும் மோசம், அதுக்கு மேல் கூடே துத்தநாகம்தான், அதுவே கரைஞ்சுதான் கரண்டு வருது, கடைசியில ஓட்டை விழுந்து ஒழுகும். ஆல்கலைன் ஒழுகி வெள்ளை பூத்து வந்ததுக்கு நான் காது குடையுற பட்ஸுல வினிகர் தொட்டு, இல்லன்னா எலுமிச்சம் சாறு தொட்டுத் தொடைப்பேன், நொரைச்சு அடங்குனதும் ஸ்பிரிட் போட்டுத் தொடைச்சு காய வைப்பேன். முக்காவாசி பொழைச்சுக்கும்.

அப்புறம் இந்த புளூடூத்தா, இல்ல டாங்கிளாங்குற (லேப்டாப் யுஎஸ்பி ஓட்டையில சொருகுற குட்டி ரிசீவர்) கேள்வி. உங்க கட்டுரையில ரெண்டும் ஒண்ணுன்னு படுற மாதிரி எழுதியிருந்தாரு, ஒண்ணு இல்ல. கேமிங் மவுஸோட 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் செகண்டுக்கு 1000 தடவ எடத்த சொல்லும், அதாவது மில்லி செகண்டுக்கு ஒரு தடவ. புளூடூத்துல சாதாரணமா 125 பக்கம்தான், 8 மில்லி செகண்டுக்கு ஒண்ணு, அதோட சும்மா வச்சிருந்துட்டு தொட்டா முழிக்கிறதுக்கும் ஒரு நொடி எடுத்துக்கும். எக்செல் பார்க்க, ரயில் டிக்கெட் போட, அசைன்மென்ட் டைப் அடிக்க புளூடூத் தாராளம். வேலரண்ட் மாதிரி சுடுற கேமுக்கு டாங்கிள்தான். ரெண்டும் இருந்தா நல்லது, காலேஜ்ல புளூடூத் ரூம்ல டாங்கிள்னு ஓட்டலாம். 4000, 8000 தடவ சொல்லும்னு போட்டு விக்கிறத சாதா லேப்டாப்காரங்க திரும்பிக்கூட பார்க்க வேணாம், பேட்டரியத்தான் குடிக்கும்.

டாங்கிள்னதும் ஞாபகம் வருது. கல்யாண வீடியோ எடிட் பண்ற ஒரு தம்பி மவுஸு திக்குது திக்குதுன்னு புதுசு வாங்கிட்டாப்ல, அதுவும் திக்குது. பார்த்தா டாங்கிளுக்கு ஒட்டுன மாதிரி பக்கத்து ஓட்டையில யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க். இந்த 3.0 வேகத்துல டேட்டா ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்துல இரைச்சல் கெளப்பும், இத 2012லயே இன்டெல் கம்பெனி எழுதி வெளியிட்டிருக்கு. டாங்கிள எதுத்த பக்கத்து ஓட்டைக்கு மாத்துனேன், சரியாப் போச்சு. எதுத்த பக்கம் ஓட்டை இல்லாட்டி ஒரு சாண் எக்ஸ்டென்ஷன் வயர் போதும். அப்புறம் டாங்கிள சொருகி வைக்க மவுஸுக்குள்ளயே எடம் இருக்கான்னு பாருங்க, விரல் நகம் அளவுதான் இருக்கும், பஸ்ஸுல லேப்டாப்லயே சொருகிட்டுப் போனா வளையும், பையில தனியா போட்டா தொலையும், தொலைஞ்சா பல மாடலுக்கு தனியா கெடைக்கிறது குதிரக்கொம்பு.

டிபிஐ பத்தி ஒரு வரி போதும். 800ல வச்சா ரெண்டரை இன்ச்சுக்குள்ள 1920 பிக்சல் ஸ்கிரீன இந்தக் கோடிக்கு அந்தக் கோடி போயிரலாம், பெட்டி மேல போட்டிருக்குற 26,000க்கு நம்ம கையில வேலையே இல்ல.

பேரு சொல்லச் சொல்லி கேப்பாங்க. லாஜிடெக் ஜி304, 2018ல வந்த மாடல், பென்சில் பேட்டரி ஒண்ணோட சேர்த்து 99 கிராம், ஒரு பேட்டரிக்கு 250 மணி நேரம்னு கம்பெனி சொல்லுது, மூடுன ஒடம்பு, மூடிக்குள்ள டாங்கிளுக்கு எடம் இருக்கு, புளூடூத் இல்ல. ரேஸர் ஒரோச்சி வி2, 2021ல வந்தது, பேட்டரி இல்லாம 60 கிராமுக்குள்ள, பெரிய பென்சிலும் போடலாம் சின்னதும் போடலாம், டாங்கிளும் உண்டு புளூடூத்தும் உண்டு, நீளம் 108 மில்லிமீட்டர்தான். வலை இழுத்து வளந்த பெரிய கைக்கு அது பத்தாது, உள்ளங்கை தொங்கும், விரல் நுனியில புடிக்கிறவங்களுக்கு அருமையா இருக்கும். ரெண்டுலயும் சுவிட்சு தகடு வச்சதுதான், அதையும் சொல்லிடுறேன். என் கண்ணுக்கு ஊருக்கு ஏத்தது இந்த மாதிரி சாதுவான சாமான்தான், கலர் கலரா லைட்டு எரியுறது பேட்டரிக்குப் புடிச்ச சனி. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் துபாய்ல இருந்து மாமா கொண்டு வந்தாருன்னு வரும், நல்ல மவுஸாத்தான் இருக்கும், "காக்கா, வாரண்டி இருக்குல்ல"ன்னு கேப்பாங்க (அங்க அண்ணன காக்கான்னுதான் கூப்பிடுவாங்க), அங்க வாங்குன வாரண்டி பெரும்பாலும் இங்க செல்லாது, வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டுக்கிறது நல்லது.

டச்பேடுல வெளையாடுனா என்னன்னு அப்பாமாருங்க கேக்குறாங்க. டைப் அடிக்கும்போது உள்ளங்கை பட்டு கர்சர் ஓடிறக் கூடாதுன்னு விண்டோஸே டச்பேட கொஞ்ச நேரம் அமத்தி வைக்கும். கேம்ல ஒரு கை கீபோர்டுல டபிள்யூ எழுத்த அமுக்கிட்டே இருக்கணும், இன்னொரு கை திரும்பணும், பையன் திரும்புறதுக்குள்ள செத்துருவான். செட்டிங்ஸ்ல மாத்தலாம், மாத்துனாலும் கஷ்டம்தான்.

இப்ப மேட். அந்தக் கட்டுரையில மேட்டுக்கு நாலே வரி, எனக்கு இதுதான் பெருசா படுது, ஏன்னா நம்ம பசங்க டேபிள்ல ஒக்காந்தா வெளையாடுறாங்க? தரையில பாய விரிச்சு, மடியில லேப்டாப்ப வச்சு, பாய் மேலயே மவுஸ ஓட்டுறான். கோரைப்பாய் வரி மேல சென்சாரு தத்தளிக்கும், பளபள டைல்ஸ்ல வழுக்கும், கண்ணாடி டேபிள்னா முக்காவாசி மவுஸுக்கு கண்ணே தெரியாது. அடியில ரப்பர் வச்ச 25க்கு 21 சென்டிமீட்டர் துணி மேட் ஒண்ணு, ஏ4 பேப்பர விட கொஞ்சம் சின்னது, லேப்டாப் பையில படுத்துக்கும், பாய் மேல போட்டாலும் நகராது. கர்சர் வேகத்த கொறச்சு வச்சு கையோட வீசி வெளையாடுறவனுக்கு அது காணாது, 32க்கு 27 வாங்குங்க, அதுவும் பைக்குள்ள போகும். தடி ரெண்டு மில்லிமீட்டருக்குள்ள இருக்கட்டும். டேபிள் நீளத்துக்கு மேட் வாங்கி சுருட்டி சுருட்டி தூக்கிட்டு அலைஞ்சா ஓரம் எந்திரிச்சு நிக்கும். தையல் போட்ட ஓரம் பிரியாது, ஆனா சின்ன மேட்ல மணிக்கட்டுக்குக் கீழதான் அந்தத் தையல் வந்து அறுக்கும், கடையில ஒருக்கா கைய வச்சுப் பார்த்துருங்க.

துணி மேட்டு வேர்வையும் குடிக்கும் உப்பும் குடிக்கும், ஐப்பசி கார்த்திகை மழைக்கு நசநசன்னு ஆகி மவுஸு இழுக்கும். அப்ப தொவைக்கலாம், ஆனா எந்தத் தண்ணியிலன்னு இருக்கு. போர் தண்ணி முக்காவாசி ஊர்ல உப்பு, அதுல அலசி காய வச்சா துணிக்குள்ள உப்பு தங்கி மறுநாளே ஈரத்த இழுத்துக்கும். காவேரி தண்ணி வர்ற அன்னைக்கு அரை மூடி ஷாம்பு போட்டு கையால தேச்சு அலசி, துண்டுக்குள்ள வச்சு ஒத்தி எடுத்து நெழல்ல காயப் போடுங்க. மொட்டை மாடி வெயில்ல போட்டா அடி ரப்பர் பொடிப்பொடியா உதிரும். தொவைக்க முடியாதவங்க பிளாஸ்டிக் மேட் வாங்குங்க, ஈரத்துணியில தொடைச்சா போச்சு, ஆனா மணல் ஒட்டுனா மவுஸுப் பாதம் கீறிரும், போடுறதுக்கு முன்னாடி ஒரு தட்டு தட்டணும்.

இன்னொரு பழக்கத்த கண்டிப்பா நிறுத்தணும், மேட்ட கீபோர்டு மேல போட்டு லேப்டாப்ப மூடுறது. லேப்டாப்ப மூடுனா ஸ்கிரீனுக்கும் கீபோர்டுக்கும் நடுவுல இடைவெளியே கெடையாது, அதுல மேட்டும் மேட்டோட ரெண்டு மணலும் இருந்து, பை மேல எவனாச்சும் பஸ்ஸுல சாஞ்சான்னா டிஸ்ப்ளே காலி. மவுஸு மேட்டு ரெண்டும் சேர்த்து போட்ட காசு மாதிரி ரெண்டு மடங்கு அதுக்கு ஆகும்.

கடைசியா பெத்தவங்களுக்கு. கேமிங்னு பெட்டியில பேரு இருந்தாலே ரம்மி கிம்மின்னு பயப்படுறாங்க. ஆன்லைன்ல காசு கட்டி ஆடுறத 2025 ஆகஸ்ட்ல வந்த மத்திய சட்டமே தடை பண்ணிருச்சு, அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸ, அதாவது போட்டியா நடத்துற வீடியோ கேம, தனியா அங்கீகரிக்கவும் செய்யுது, 2023ல ஹாங்சோவுல நடந்த ஏசியன் கேம்ஸ்ல அதுக்கு பதக்கமே குடுத்தாங்க. பையன் கேக்குறது ஒரு மவுஸு, அதையே வச்சு ஆட்டோகேட்ல பிளான் படமும் போடுவான்.

அடுத்த தடவ இந்த மாதிரி பக்கம் போடும்போது தொண்டியில இருந்து சாயல்குடி வரைக்கும் இருக்குற வாசகர்களையும் நெனைச்சு, மூடுன ஒடம்பா, பேட்டரி கழட்ட வருமா, டாங்கிளுக்கு எடம் இருக்கா, மேட் தொவைக்கலாமா, இந்த நாலையும் ஒவ்வொரு மாடலுக்கும் எதுத்தாப்ல ஒரு கட்டம் கட்டி போடச் சொல்லுங்க. டிபிஐ கட்டத்த எடுத்துட்டா எடம் தானா கெடைக்கும்.

இப்படிக்கு,
சர்வீஸ் கடைக்கார வாசகர்,
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்.