வியாசர்பாடி அம்மாக்களுக்கும் ஆயாக்களுக்கும் ஒரு மடல்

வணக்கம். பிரசவ வார்டில் 22 வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். உங்கள் பேரப்பிள்ளைகள் சிலரை முதலில் கையில் ஏந்தியதும் நான்தான்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்கு மஞ்சள் நீராட்டு. கால்பந்தில் கெட்டிக்காரி. பந்தல் பிரிப்பதற்குள் அவள் ஆயா சொல்லிவிட்டார்: "இனிமே கிரவுண்டும் வேணாம், சைக்கிளும் வேணாம். உள்ளே கிழிஞ்சிடும். நாளைக்குக் கட்டிக்கிறவன் கேட்டா என்ன சொல்றது?" பிள்ளை மூலையில் உட்கார்ந்து அழுதது. அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

கிழிந்துவிடும் என்று ஆயா பயந்தது கன்னித்திரையைத்தான். அந்தப் பெயர்தான் நம்மைக் குழப்புகிறது. திரை என்றதும் வாசலை மூடிக் கட்டிய துணி மாதிரி நினைத்துக்கொள்கிறோம். அப்படி மூடியிருந்தால் மாதவிலக்கு ரத்தம் எந்த வழியாக வெளியே வரும்? பிறப்புறுப்பு வாயின் ஓரத்தில் இருக்கும் மெல்லிய மடிப்பு அது. ஒருத்திக்கு வளையம் போல இருக்கும், இன்னொருத்திக்குப் பிறை போல. அபூர்வமாகச் சில பிள்ளைகளுக்கு முழுக்க மூடியே இருக்கும். ரத்தம் உள்ளே தேங்கி மாதாமாதம் வயிற்று வலியில் துடிப்பார்கள். சின்ன ஆபரேஷன் செய்துதான் திறந்துவிட வேண்டும்.

வயசுக்கு வந்தபின் அந்த மடிப்பு ஹார்மோனால் தடித்து, இழுத்தால் நெகிழ்ந்து கொடுக்கும். அதனால்தான் பல பெண்களுக்கு முதலிரவில் ரத்தமே வருவதில்லை. வந்தாலும் பல சமயம் அது, பயத்தில் இறுகி ஈரமில்லாமல் இருந்தவளிடம் அவசரப்பட்டதால் பட்ட கீறல். அந்தக் காயத்தைப் போய் நல்லவள் என்பதற்குச் சாட்சியாக விரிப்பில் தேடுவது கொடுமை.

ஒருமுறை ஒரு அம்மா என்னை ஓரமாக அழைத்து, "சிஸ்டர், பொண்ணு சுத்தமா இருக்கான்னு டாக்டரம்மா பார்த்து ஒரு சீட்டு எழுதித் தருவாங்களா? மாப்பிள்ளை வீட்டுல கேக்கறாங்க" என்றார். எந்த டாக்டராலும் பார்த்துச் சொல்ல முடியாது. 2004இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், கர்ப்பமாக இருந்த 36 இளம்பெண்களில் 2 பேரிடம் மட்டுமே உறவு நடந்ததற்கு உறுதியான தடயம் தெரிந்தது. கர்ப்பிணிகளிடமே இப்படி! 2018இல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை, கைவிடுங்கள் என்றன. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு, பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் பரிசோதனை செய்பவர் ஒழுங்கீனமாக நடந்த குற்றத்துக்கு ஆளாவார் என்று 2022இல் நம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

சரி, பந்து ஆடும்போது லேசாகக் கீறினால்? மற்றக் காயம் போல ஆறும். அதை வைத்து யாரும் அவளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

அந்தப் பிள்ளையின் பூட்ஸ் இன்னும் பரணில்தான் கிடக்கிறது. எடுத்துக் கொடுங்கள் ஆயா. மனசு ஒப்பவில்லை என்றால் சாயந்திரம் என் வீட்டுக்கு வாங்க, படம் வரைந்து காட்டுகிறேன்.